பைப் பாஸும் ஒழுகுகிற வசனமும்

உலகத்தில் வேதாகமத்தை வாசித்தவர்கள் கோடிக்கணக்கில் இருப்பார்கள். வாசித்த வசனத்தின் கீழே உள்ளங்கையை வைத்து, ஒழுகுகிறதா என்று பார்த்தவர் எனக்குத் தெரிந்து ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் கல்முனையில் குழாய் பூட்டித் திருத்துகிற பைப் பாஸ்.

ஞானஸ்நானத்தில் அவருக்கு வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். போதகர் ஐயாவின் பதிவேட்டில் போய்த் தேடினால் கிடைக்கலாம். சாய்ந்தமருதிலிருந்து மருதமுனை வரை எந்த வீட்டில் குழாய் உடைந்தாலும், "பைப் பாஸுக்கு போன்ல கோல் எடுங்க" என்றால் போதும். வயது நாற்பதுக்கு மேலே. பேசினுக்கு அடியிலும் தண்ணீர்த் தாங்கிக்கு இடுக்கிலும் வளைந்து வளைந்தே பழகியதால், தேவாலயத்தில் எழுந்து நிற்கும்போதுகூட ஓர் எல்போவை, அந்த வளைந்த பைப் துண்டைப் போலத்தான் நிற்பார்.

அவரைப் பற்றிச் சொல்வதற்கு முன் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். யாரைப் பற்றிப் பேசினாலும் நான் இப்படித்தான் தொடங்குவேன். எங்கள் அப்பா கடலுக்குப் போகிறவர். கையெழுத்து வைக்கச் சொன்னால் பெருவிரலை நீட்டுவார். அம்மா பள்ளிக்கூடத்தை மதிலுக்கு வெளியே இருந்து பார்த்தவர். அக்கா ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எங்கள் குடும்பத்தில் படித்து, பல்கலைக்கழகம் போய், பட்டமும் எடுத்து ஆசிரியையானவள் நான். இந்தத் தகவலை ஓட்டோக்காரர் கேட்காமலே அவரிடம் சொல்லியிருக்கிறேன். மீன் வெட்டுகிறவரிடமும் சொல்லியிருக்கிறேன். என் பட்டமளிப்புப் படத்தை மண்டபத்தில் மாட்டுவதற்காக, அங்கே இருந்த இயேசுநாதர் படத்தை இரண்டு சாண் தள்ளி வைத்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அம்மாதான், "அவர் இருந்த இடம் நல்லாத்தானே இருந்திச்சு" என்றார்.

ஆகவே, ஞாயிறு பின்னேர வேதப்படிப்பை நடத்தும்படி போதகர் ஐயா என்னிடம் கேட்டபோது, ஏன் இவ்வளவு பிந்திக் கேட்கிறார் என்றுதான் நினைத்தேன். பவுல் எழுதிய நிருபங்களில் ஒன்றை எடுத்தோம். ஆறே ஆறு அதிகாரம். பிறிஸ்டல் போட் அட்டையில் மூன்று நிறத்தில் அட்டவணை கீறினேன்: நான்கு மாதத்தில் முடிவு, ஐந்தாம் மாதம் பரீட்சை. பரீட்சை என்றதும், படிக்க வந்த தபால்கார அங்கிளின் முகம் போன போக்கை இன்றைக்கும் மறக்க முடியாது. அவர் ஓய்வுபெற்று ஒன்பது வருடம்.

படிப்பு பைப் பாஸ் வீட்டு முன் விறாந்தையில் நடந்தது. பாஸ், அவர் மனைவி ரூபி அக்கா, தபால்கார அங்கிள், அவர் மனைவி, இன்னும் இரண்டு மூன்று பேர். எங்கள் அம்மா வரமாட்டார். "உன்ட பாடத்தை வீட்டில கேக்கிறதே காணும், போதும்" என்பார்.

முதல் மூன்று அதிகாரங்களுக்கு நான் இரண்டு கொப்பி நிறையக் குறிப்பு எழுதி வைத்திருந்தேன். பாஸ் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். முடிந்ததும் தலையை ஆட்டினார்.

"நல்லாக் கிடக்கு தங்கச்சி. ஆனா இதெல்லாம் ஆண்டவர் செஞ்ச வேலை. அவர் பூட்டின பைப் ஒழுகாது. நாங்க பூட்டவேண்டியது எங்க கிடக்கு?"

"அது நாலாம் அதிகாரத்தில வரும்."

"அப்ப நன்றி சொல்லிட்டு அங்க போவம்."

இரண்டு கொப்பியும் மூன்றே கிழமையில், மூன்று ஞாயிறில் முடிந்தது. அட்டவணையை விட வேகமாகப் போகிறோம் என்று நான் சந்தோசப்பட்டேன். நாலாம் அதிகாரத்தில் கால் வைத்த பிறகுதான் பைப் பாஸ் யார் என்று தெரிந்தது.

அவர் வேலை செய்யும் முறை ஒன்று இருக்கிறது. இரண்டு பைப்பைச் சொக்கட் வைத்துப் பொருத்துவார். அடுத்த பொருத்துக்குப் போகமாட்டார். தண்ணீரைத் திறந்துவிட்டு, பொருத்தின் கீழே உள்ளங்கையை ஏந்திக்கொண்டு, கண்ணை மூடிக் காத்திருப்பார். கை காய்ந்திருந்தால் மட்டும் அடுத்தது. "கடைசியில ஒண்டாத் தண்ணி திறந்தா எது ஒழுகுதெண்டு எவனுக்குத் தெரியும்?" என்பார். வேதத்துக்கும் அவருக்கு அதே சட்டம்தான். ஒரு வசனத்தை வாசித்தால் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்ப்பார்.

"செஞ்சாச்சா?"

செய்யாவிட்டால் அடுத்த கிழமையும் அதே வசனம்.

தாழ்மையாக இருங்கள் என்ற வசனத்தில் ஆறு கிழமை நின்றோம். அதில் நான்கு கிழமை எனக்காக. பிறிஸ்டல் போட் அட்டவணையை ரூபி அக்கா ஆறாம் கிழமை சமையல் அடுப்புக்கு விசிறியாக்கினாள்.

ரூபி அக்காவுக்கு வேறொரு கவலையும் இருந்தது. ஊருக்கெல்லாம் பைப் பூட்டுகிற மனிசன் வீட்டில், சமைக்கிற குசினியில் குழாய் இரண்டு வருடமாக ஒழுகிக்கொண்டிருந்தது. கீழே ஒரு நீலச் சட்டி வைத்திருந்தாள். ஐந்தாம் அதிகாரத்தில், புருசன்மார் மனைவிமாரில் அன்பாயிருக்க வேண்டும் என்று ஒரு வசனம் வருவதை நான் வாய்தவறிச் சொல்லிவிட்டேன்.

"அந்த வசனம் வந்தா இந்தப் பைப்பைப் பாப்பியளா?" என்று ரூபி அக்கா புருசனைக் கேட்டாள்.

"வரட்டும். வந்தாச் செய்யத்தானே வேணும்."

ரூபி அக்கா விரலை மடக்கி எண்ணினாள். "இந்த வேகத்தில போனா, என்ட மனிசன் என்னில அன்பு வைக்க இன்னும் மூணு வருசம் செல்லும் புள்ள. கொஞ்சம் கெதியாப் படிப்பியன்கா!"

அப்போதுதான், பொய்யை விட்டு ஆளுக்காள் உண்மை பேசுங்கள் என்ற இருபத்தைந்தாம் வசனம் வந்தது. அதன் பின்னணியை நாற்பது நிமிடம் விளக்கினேன். பாஸ், "செஞ்சு பாத்திட்டு வாறன்" என்று எழுந்து போனார்.

அந்தக் கிழமை ஊரே கலங்கியது. சாய்ந்தமருது ஹாஜியார் வீட்டில் குசினிப் பைப் வெடித்து வெள்ளம். ஹாஜியார் கோல் எடுத்தார்.

"பாஸ், எப்ப வாற?"

"நாளைக்கு வரமாட்டன் ஹாஜியார். நாளண்டைக்கும் வரமாட்டன். சனிக்கிழமை பத்து மணிக்கு வருவன்."

அடுத்த அரை மணித்தியாலத்தில் ஹாஜியார் ஒரு பை தோடம்பழத்தோடு பாஸ் வீட்டு வாசலில் நின்றார்.

"என்ன பாஸ், உடம்புக்குச் சுகமில்லையா? இருவது வருசமா 'நாளைக்கி வாறன்' எண்டுதான் சொல்லுவீங்க. நாங்களும் கிழமை முடியிற மட்டும் வாளியில அள்ளுவம். இப்ப என்னத்துக்குப் புதுசா மெய் சொல்லுறீங்க? வீட்டில பொம்புளைகள் பயந்து பெய்த்தாங்க!"

பாஸ் வசனத்தைச் சொன்னார். ஹாஜியார் தாடியைத் தடவினார். "சரியாத்தான் சொல்லி இரிக்கி. நானும் ஊருக்கு எத்தின 'நாளைக்கி' சொல்லி இரிக்கன் எண்டு இப்பதான் யோசிக்கன்" என்று, தோடம்பழத்தைத் திரும்ப எடுக்காமல் போனார்.

தபால்கார அங்கிளின் மனைவி பொரித்துக் கொண்டுவந்த ரோல்ஸைப் பற்றியும் பாஸ் உண்மை பேசினார். அது பற்றி இங்கே எழுத மாட்டேன். அதற்குப் பிறகு நாங்கள் பால் விடாத பிளேன்ரீயோடு பிஸ்கட்தான் சாப்பிட்டோம்.

"தங்கச்சி, நீங்க செஞ்சாச்சா?" என்று என்னையும் கேட்டார்.

"ஓம். நான் பொய் சொல்லுறதில்ல" என்றேன், பட்டதாரிக்கு உரிய கம்பீரத்தோடு.

அடுத்த வசனம்: சூரியன் விழும்வரை கோபத்தை வைத்திருக்காதீர்கள்.

எங்கள் ஊரில் சூரியன் கடலில் எழும்பி, சம்மாந்துறை வயல்களுக்குப் பின்னால் விழும். அதை எங்களை விட நன்றாகப் பார்க்கக்கூடியவர் பைப் பாஸ். பின்னேரங்களில் அவர் ஏதாவதொரு வீட்டுக் கூரையில், தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் நிற்பார். அங்கே நின்றபடி ஒவ்வொருவருக்கும் கோல் எடுப்பார்.

"அங்கிள், இன்னும் கால் மணித்தியாலம் கிடக்கு."

தபால்கார அங்கிளுக்கும் பக்கத்து வளவுக்காரருக்கும் மாங்கொப்பு ஒன்றுக்காகப் பதினொரு வருடக் கோபம். மூன்றாம் நாள் அங்கிள் சாரத்தைப் பிடித்துக்கொண்டு ஓடிப்போய், வேலிக்கு மேலாக, "நான் உன்னோட கோவமில்ல. கெதியா நீயும் சொல்லு, சூரியன் போகுது!" என்று கத்தியிருக்கிறார். பக்கத்து வளவுக்காரர் பயந்து சொல்லிவிட்டார். அடுத்த நாள் அவர் வீட்டிலிருந்து ஒரு கூடை மாங்காய் வந்தது.

ஒவ்வொருவராக முடித்தார்கள். என் முறை வந்தது.

"எனக்கு ஆரோடயும் கோவம் இல்ல" என்றேன்.

பாஸ் தலையை ஆட்டினார். அடுத்த ஞாயிறு அடுத்த வசனம் என்று முடிவானது.

இந்த இடத்தில் அந்த உண்மையைச் சொல்லத்தான் வேண்டும். அதற்கு ஏழு மாதம் முன்னர் எங்கள் தேவாலயத்தில் அறுவடை விழா. திருக்கோவிலில் கட்டிக்கொடுத்திருந்த என் அக்கா வந்திருந்தாள். வேதம் வாசிக்கும்படி போதகர் ஐயா அவளிடம் கேட்டிருந்தார். ஐந்தாம் வகுப்போடு நின்றவள். நான் படிக்க வேண்டும் என்று நின்றவள். இரண்டு கிழமை வீட்டில் வாசித்துப் பழகிக்கொண்டு வந்தாள். சபைக்கு முன்னால் நின்று, வரிக்கு அடியில் விரலை வைத்து, ஒவ்வொரு சொல்லாக வாசித்தாள். நடுவில் ஓரிடத்தில் நின்றுவிட்டாள். விரல் அந்தச் சொல்லிலேயே கிடந்தது.

நான் எழுந்து போனேன். அவள் கையிலிருந்த வேதாகமத்தை வாங்கினேன். மிச்சத்தை நானே கணீரென்று வாசித்தேன். விழா முடிந்ததும் நாலைந்து பேர் என்னிடம் வந்து, "நல்ல குரல் மகள்" என்றார்கள். அதையும் வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து அக்கா பையை அடுக்கினாள். "உன்ட படிப்பு எங்கட வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரிகா. அது வந்தா நாங்க எல்லாரும் எழும்பி இடம் விடவேண்டிக் கிடக்கு" என்றாள். அவ்வளவுதான். போய்விட்டாள். நான் உதவி செய்ததற்கு இதுவா நன்றி என்று எனக்குத் தாங்கமுடியாத கோபம். ஏழு மாதம் அவளோடு கதைக்கவில்லை. இதைக் கோபம் என்று நான் சொல்வதில்லை. 'சுயமரியாதை' என்று சொல்லி வைத்திருந்தேன்.

அந்தச் சனிக்கிழமை எங்கள் வீட்டுக் குசினிக் குழாய் பழுது. சொன்ன நேரத்துக்கு, நிமிடம் தவறாமல் பாஸ் வந்தார். பேசினுக்கு அடியில் அவர் படுத்துக்கிடக்க, அம்மா பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டு கதைத்தார்.

"மூத்தவ இஞ்ச வந்து ஏழு மாசம் பாஸ். ரெண்டு பேரும் முகம் பாக்கிறல்ல. நான் ஆருக்குச் சொல்ல?"

பேசினுக்கு அடியில் குறடு நின்றது. சற்று நேரத்தில் பாஸ் ஈரத்தலையோடு வெளியே வந்தார். என்னைப் பார்த்தார். பொருத்தின் கீழே கையை வைத்துப் பார்த்துவிட்டுப் போனார்.

ஞாயிறு வந்தது. நான் புதிய வசனத்தைத் திறந்தேன். பாஸ் கையை உயர்த்தினார்.

"தங்கச்சி, திரும்ப இருபத்தஞ்சுக்குப் போவமா? எனக்குச் சரியா விளங்கல்ல."

உண்மை பேசுங்கள் என்ற வசனம். எனக்காகத்தான் கேட்கிறார் என்று எனக்கு விளங்கியது. மற்றவர்களுக்கு ஒன்றும் தெரியாது. திரும்பப் படித்தோம்.

அடுத்த கிழமையும் கையை உயர்த்தினார். அதற்கடுத்த கிழமையும். நான் அதே விளக்கத்தைச் சொல்வேன். அவர் முகட்டைப் பார்த்துக்கொண்டு கேட்பார். "இன்னும் பிடிபடுதில்ல தங்கச்சி" என்பார். பின்னேரங்களில் கூரையிலிருந்து எனக்கு ஒரு கோலும் வராது.

நாலாம் ஞாயிறு தபால்கார அங்கிளுக்குப் பொறுமை போய்விட்டது.

"இஞ்ச பாரு பாஸ், சின்னப் புள்ளைக்கும் விளங்கின வசனம். உனக்கு மண்டையில ஏறாட்டி எங்களையும் ஏன் கட்டி வெச்சிருக்காய்?"

"என்ட வசனம் தள்ளித் தள்ளிப் போகுது," என்றாள் ரூபி அக்கா. "இந்த மனிசனுக்கு மூளைக்குள்ளயும் பைப்தான்."

எல்லோரும் சிரித்தார்கள். பாஸும் சிரித்தார். தலையைச் சொறிந்துகொண்டு, "ஓம் அங்கிள். எனக்கு மூளை கொஞ்சம் மட்டுத்தான். குறை நினையாதங்க" என்றார்.

தட்டுத்தடுமாறி வாசித்தவளின் கையிலிருந்து புத்தகத்தை எல்லோருக்கும் முன்னால் பறித்தவள் நான். என் பொய்யை ஒருவருக்கும் காட்டாமல், எல்லோருக்கும் முன்னால் தன்னை மட்டு என்று சொல்லிக்கொண்டு இருக்கிறவர் இவர். என்னுடைய பட்டம் அந்த விறாந்தையில் எங்கேயாவது ஒளிந்துகொள்ள இடம் தேடியது.

வேதாகமத்தை மூடினேன். "எனக்கு ஒரு வேலை கிடக்கு" என்று சொல்லிவிட்டு, பஸ் நிலையத்துக்கு ஓடினேன்.

திருக்கோவில் போகிற பஸ் மற்ற நாட்களில் பறக்கும். அன்றைக்கு ஒவ்வொரு மதகுக்கும் வணக்கம் சொல்லிக்கொண்டு போனது. அக்கரைப்பற்றில் சாரதி தேநீர் குடிக்க இறங்கினார். நான் கொண்டக்டரிடம் போய், "அண்ணன், சூரியன் விழுறதுக்கு முதல் போகவேணும்" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏன் தங்கச்சி, நோன்பா?" என்றார்.

வலப்பக்க யன்னலில் சூரியன் வயலை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. தொலைபேசி அடித்தது.

"தங்கச்சி, இன்னும் கால் மணித்தியாலம் கிடக்கு."

"பாஸ்! இண்டைக்கு ஞாயிறெல்லோ, எங்க நிக்கிறயள்?"

"எங்கட வீட்டுக் கூரையில, தாங்கிக்குப் பக்கத்தில."

பின்னாலிருந்து ரூபி அக்காவின் குரல் கேட்டது. "இறங்கு மனிசா! அந்த ஓடு உடையுது!"

பஸ் திருக்கோவிலைத் தொட்டபோது சூரியன் இல்லை. மேற்கில் ஒரு கோடு சிவப்பு மட்டும். பாஸுக்குக் கோல் எடுத்தேன். "சூரியன் போயிட்டு பாஸ்."

அவர் கொஞ்சம் யோசித்தார். "செவப்புக் கிடக்குத்தானே? கணக்கில சேரும். ஓடுங்க!" என்றார். தன் வாழ்க்கையிலேயே அவர் ஒரு பொருத்தை இளக்கமாக விட்டது அன்றைக்கு மட்டும்தான்.

வழி நெடுக ஓர் உரை தயாரித்திருந்தேன். முன்னுரை, மூன்று பிரிவு, முடிவுரை. அக்கா கிணற்றடியில் தண்ணீர் அள்ளிக்கொண்டு நின்றாள். என்னைக் கண்டும் கயிற்றை விடவில்லை.

"அக்கா" என்றேன். முன்னுரை வரவில்லை. மூன்று பிரிவும் வரவில்லை. "அண்டைக்கு நான் உன்ட கையில இருந்து பறிச்சிருக்கக் கூடாது" என்றேன். அழுகைதான் வந்தது.

அக்கா வாளியை இழுத்தெடுத்துக் கீழே வைத்தாள். பிறகு வீட்டுப் பக்கம் தலையைக் காட்டினாள்.

"விருந்தாளியா வந்திருந்தா உள்ள கதிரை கிடக்கு, போய் இரு. தங்கச்சியா வந்திருந்தா அந்த வாளியத் தூக்கு."

தூக்கினேன். இரண்டு வாளி. பாதி வழியில் ஒன்றை என் காலிலேயே கொட்டினேன். "படிச்ச பொம்புளைக்கு ஒரு வாளி தூக்கத் தெரியல்ல" என்று அக்கா சிரித்தாள். ஏறக்குறைய எட்டு மாதத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பைக் கேட்டேன்.

அடுத்த ஞாயிறு அக்காவும் வந்தாள். இருபத்தைந்தாம் வசனத்தை நான் எல்லோருக்கும் முன்னால் செய்தேன்: நாலு கிழமையாக மட்டு நான்தான், பாஸ் இல்லை என்றேன். தபால்கார அங்கிள் பாஸின் பக்கம் திரும்பி, தன் பிஸ்கட்டை அவருடைய தட்டில் வைத்தார். பிறகு அக்கா வாசித்தாள். வரிக்கு அடியில் விரல், ஒவ்வொரு சொல்லாக. ஓரிடத்தில் நின்றாள். என் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து, அதன் மேல் நான் உட்கார்ந்திருந்தேன். பிளேன்ரீ ஆறியது. யாரும் அசையவில்லை. விரல் மெல்ல நகர்ந்தது. வசனம் முடிந்தது.

பாஸ் எழுந்து வந்து, அக்கா ஏந்தியிருந்த புத்தகத்தின் கீழே உள்ளங்கையை வைத்தார். கண்ணை மூடினார். திறந்தார்.

"ஒழுகல்ல. அடுத்தது."

இதெல்லாம் நடந்து வருடங்கள் சில ஓடிவிட்டன. அக்கா மாதம் ஒரு ஞாயிறு வருவாள். அன்றைக்கு வாசிப்பது அவள்தான். இயேசுநாதரைப் பழைய இடத்திலேயே மாட்டிவிட்டேன். என் படம் இப்போது குசினிக் கதவுக்குப் பின்னால் இருக்கிறது. அம்மா அதில் கை துடைக்கிற துவாய் போடுகிறார்.

நாலாம் அதிகாரம் முடிந்தது. ஐந்தாம் அதிகாரத்தில், புருசன்மாருக்கான வசனத்துக்கு மூன்று வசனம் இருக்கும்போது, பைப் பாஸுக்குக் கட்டாரில் வேலை கிடைத்தது. போய்விட்டார். அந்த மூன்றையும் நாங்கள் முடித்து, ரூபி அக்காவின் வசனத்துக்கு வந்து, அதிலேயே நிற்கிறோம். புருசன் இல்லாமல் எப்படிச் செய்வது? தாண்டிப் போவோமா என்று தபால்கார அங்கிள் ஒருமுறை கேட்டார். ரூபி அக்கா பார்த்த பார்வையில் அவருக்குப் புரைக்கேறியது. ஹாஜியார் இரக்கப்பட்டு வேறொரு பைப் பாஸை அனுப்பினார். அவரை வாசலிலேயே திருப்பி அனுப்பினாள்.

"அது என்ட வசனத்தில உள்ள பைப். வேற ஆளுக்கு அதில கை வைக்கேலாது."

போன கிழமை பாஸ் கோல் எடுத்தார். இந்த மாதக் கடைசி வெள்ளிக்கிழமை வருவேன் என்றார். மற்ற எந்தப் பைப் பாஸ் சொல்லியிருந்தாலும் நான் நம்பியிருக்க மாட்டேன்.

நேற்று வேதப்படிப்புக்குப் போயிருந்தேன். குசினியில் நீலச் சட்டிக்குள் சொட்டுச் சொட்டாய்த் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. அக்காவின் விரல் அந்த வசனத்திலேயே நின்றது. ஒருவரும் அவசரப்படவில்லை.